ஆளில்லாத படம்

ஜனவரி 18, ஞாயிறு

துருக்கியிலிருந்து வந்து ஆறு நாள் ஆகிறது. எண்ணூறு பலூன் படங்கள். உலகத்தில் எல்லோரும் எடுத்த அதே பலூன்கள்தான். அவ்வளவு தூரம் விமானம் ஏறிப் போய் அடுத்தவர் படத்தையே மறுபடி எடுத்து வந்திருக்கிறேன். மனைவி கோகிலா வாய்விட்டு ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் படங்களைக் காட்டும்போது இரண்டு தரம் கொட்டாவி விட்டாள்.

அந்த எரிச்சலில்தான் இன்று விடியுமுன் கிளம்பி நொச்சிமடை அணைக்குப் போனேன். பாசனத்துக்குத் திறந்துவிட்டதில் தண்ணீர் இறங்கி, உள்ளே முங்கிக் கிடந்த பழைய கல்மண்டபம் பாதி வெளியே வந்திருக்கிறது. ஆறே முக்காலுக்குத் தண்ணீர்மேல் மூடுபனி நகர்ந்து வந்தது. மண்டபத்து உச்சியில் ஒரு சாம்பல் நாரை. கரைமேல் ட்ரைபாடை ஊன்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முப்பது வருடம் பல் பிடுங்கிய கை, கேமராப் பொத்தான்மேல் காத்திருந்தது.

அந்த நேரம் பார்த்து ஓர் ஆள் தண்ணீர் ஓரமாக வந்து, மண்டபத்துக்கு நேர் எதிரே நின்றுகொண்டார். சிவபூஜையில் கரடி. இத்தனை பெரிய அணையில் நிற்க அவருக்கு வேறு இடம் கிடைக்கவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, தானாகவே வலப்பக்கம், மதகு இருக்கும் திசையில் நடந்து போய்விட்டார். அதற்குள் சத்தம் கேட்டு நாரை பறந்துவிட்டது. பனியும் கலைந்துவிட்டது.

வரும் வழியில் இட்லி சாப்பிட்டேன். சட்னி புளித்திருந்தது.

ஜனவரி 19, திங்கள்

க்ளினிக் முடிந்து வந்து கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன். நாற்பத்தொரு படங்கள். ஆள் வருவதற்கு முன் எடுத்தவற்றில் பனி போதவில்லை. போன பிறகு எடுத்தவற்றில் நாரை இல்லை. மண்டபம், பனி, நாரை மூன்றும் கூடி வந்தது ஒரே படத்தில்தான். அதில் அந்த ஆளும் நிற்கிறார். அவரைச் சுற்றி மௌஸால் ஒரு வட்டம் போட்டேன். இரண்டு நொடி. அவர் நின்ற இடத்தைத் தண்ணீரும் பனியும் மூடிக்கொண்டன. சொத்தைப் பல்லைச் சுரண்டி அடைப்பதைவிடச் சுலபம்.

எங்கள் ஒளிப்பட நண்பர்கள் குழுவில் போட்டேன். ஒரே கைதட்டல். செயலாளர் ஹபீப் லேசில் யாரையும் பாராட்டுகிறவர் அல்ல. அவரே ‘மனித வாடை இல்லாத படம், டாக்டர்’ என்று எழுதியிருந்தார். அதை மூன்று தடவை படித்தேன்.

ஜனவரி 20, செவ்வாய்

க்ளினிக் உதவியாளர் ஜெயந்தி வேலைக்கு வரவில்லை. பத்து மணிக்கு போன் செய்தாள். அவளுடைய பெரியப்பா ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை வீட்டைவிட்டுப் போனவர் இன்னும் திரும்பவில்லையாம். இரண்டு வருடமாக ஞாபகம் தடுமாறுகிற மனிதராம். எந்த ஊர் என்று கேட்டேன். நொச்சிமடை என்றாள்.

அது சின்ன ஊர் இல்லை, நானூறு வீடாவது இருக்கும். காலையில் அணைப் பக்கம் எத்தனையோ பேர் வருவார்கள், போவார்கள்.

அவள் இல்லாமல் ஒரு வேர் சிகிச்சையைத் தள்ளிவைக்க வேண்டியதாயிற்று.

ஜனவரி 22, வியாழன்

ஜெயந்தி வந்தாள். கையில் காணவில்லை நோட்டீஸ் ஒரு கட்டு. பெயர், வயது, உயரம் எல்லாம் போட்டிருந்தது. ஏதோ கல்யாணத்தில் எடுத்த படம், முகத்தில் பாதி மாலையில் மறைந்திருந்தது. இப்படி ஒரு படத்தையா போடுவார்கள் என்று வாய்வரை வந்ததை அடக்கிக்கொண்டேன். கட்டம் போட்ட நீலச் சட்டை, தோளில் காவித் துண்டு என்று அடையாளம் எழுதியிருந்தார்கள்.

அணைப் பக்கம் தேடினார்களா என்று கேட்டேன். முதல் நாள் ஊர் ஓரமாக, மண்டபம் வரைக்கும் பார்த்தார்களாம். அதற்குள், தைப்பூசத்துக்குப் பழனி நடக்கிறவர்களில் ஒருவர் உடுமலை ரோட்டில் அவரைப் பார்த்ததாகச் சத்தியம் செய்திருக்கிறார். காவித் துண்டோடு கூட்டத்தில் போனாராம். காவடிக் கூட்டத்தில் காவித் துண்டு யாரிடம்தான் இல்லை. ஆனால் தேடல் முழுக்க அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. வழிநெடுக அன்னதானப் பந்தல் ஒவ்வொன்றிலும் ஏறி இறங்குகிறார்களாம்.

நோட்டீஸை க்ளினிக் கண்ணாடிக் கதவில் ஒட்டட்டுமா என்று கேட்டாள். சரி என்றேன். உள்பக்கமாக ஒட்டினாள். என் நாற்காலியிலிருந்து பார்த்தால் அதன் முதுகுதான் தெரிகிறது. வெளிச்சம் படும்போது முகமும் தெரிகிறது.

சாப்பிடும்போது கோகிலா, “ஞாயித்துக்கெழமை நீங்க அங்கதானுங்களே போயிருந்தீங்க, யாரும் கண்ணுல படலீங்களா?” என்றாள். பனியில் நாரையே சரியாகத் தெரியவில்லை, ஆள் எங்கே தெரியும் என்றேன். ரசத்தில் உப்பு கூட என்றும் சொன்னேன். உப்பு சரியாகத்தான் இருந்தது.

ஜனவரி 24, சனி

ஹபீப் போன் செய்தார். போர்ச்சுகலில் நடக்கும் கண்காட்சிக்கு எங்கள் குழுவிலிருந்து மூன்று படங்களை அனுப்பினாராம். என் மண்டபப் படம் மட்டும் தேறியிருக்கிறது. பத்து வருடமாக நான் இதற்குத்தான் காத்திருந்தேன்.

ஆனால் இயற்கைக் காட்சிப் பிரிவில் விதி உண்டு. வெளிச்சத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். இருந்த ஒன்றை எடுக்கக் கூடாது. அதற்காகக் கேமரா பதிவு செய்த அசல் கோப்பை மாதக் கடைசிக்குள் கேட்கிறார்கள். கார்டை அழித்துவிட்டேனே ஹபீப் என்றேன். கம்ப்யூட்டரில் இருக்கும், தேடிப் பாருங்கள் என்றார். அவருக்குத் தெரியும், நான் ஒரு படத்தின் அசலையும் அழிக்கிறவன் இல்லை என்று.

ஆக, நான் மாட்டிக்கொண்டது இதில்தான். அசலை வெளியே எடுத்தால் ஆளை அழித்தது தெரிந்துவிடும். குழுவில் விதியைப் பற்றி இளையவர்களுக்கு வகுப்பெடுப்பவனே நான்தான். ஊருக்கு உபதேசம். வெட்கக்கேடு, வேறொன்றும் இல்லை.

ஜனவரி 25, ஞாயிறு

முழங்கால் வலி. கேமராவைத் தொடவில்லை.

ஜனவரி 27, செவ்வாய்

ஜெயந்தி தன் பெரியம்மாவை அழைத்து வந்தாள். அந்த மனிதரின் மனைவி. பெயர் பொன்னாத்தாள். கடைவாய்ப் பல் சீழ் வைத்துக் கன்னம் வீங்கியிருந்தது. ஒன்பது நாளாக ரோடு ரோடாக நடந்ததில் பல்லைக் கவனிக்கவில்லையாம். காலில் செருப்பு வார் அறுந்து, கயிறு போட்டுக் கட்டியிருந்தார்.

நாற்காலியில் சாய்ந்ததும் அவராகவே பேச ஆரம்பித்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை.

“மில்லுல முப்பத்தி ரெண்டு வருசம் ஓட்டுனாருங்க டாக்டரு. ஒருத்தரு பேச்சுக் கேக்க மாட்டாரு, அத்தன ரோசம். இப்பத்தான் இப்புடி ஆயிப்போச்சு. யாரு என்ன சொன்னாலும் கேட்டுக்குவாரு. உக்காருன்னா உக்காந்துக்குவாரு. போன்னா போயிருவாருங்க, எதுக்குன்னு கேக்க மாட்டாரு.”

ஊசி போட்டேன். வழக்கமாக நோயாளியைக் கொஞ்சம் பேசவிட்டு, பயம் தெளிந்த பிறகுதான் போடுவேன். இன்று உடனே போட்டுவிட்டேன். வாய் மரத்ததும் அவரால் பேச முடியவில்லை. கண் மட்டும் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தது.

பல் சுலபமாக வந்துவிட்டது. நாளைக்கே பழனி போய், தைப்பூசம் முடிகிறவரை படிக்கட்டு அடியில் உட்காரப் போகிறாராம். எப்படியும் அந்த வழியாகத்தானே இறங்குவார் என்று ஜெயந்தி சொன்னாள். பல் பிடுங்கின உடனே வெயிலில் உட்காரக் கூடாது என்றேன். மருந்தெல்லாம் நானே கொடுத்தேன். போகும்போது அந்த அம்மாள் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். பார்க்காத மாதிரி கை கழுவப் போனேன்.

ஜனவரி 28, புதன்

அசலைத் திறந்து பெரிதாக்கிப் பார்த்தேன். இவ்வளவு பெரிதாக்கினால் எல்லாம் புள்ளி புள்ளியாகத்தான் தெரியும். நீலம் ஒன்று இருக்கிறது. தோளில் காவியா பழுப்பா, சொல்ல முடியாது. அதற்கு மேல் பார்க்கவில்லை.

படத்தோடு பதிவான நேரம் காலை 4.18. அவர் வீட்டைவிட்டுக் கிளம்பியது ஐந்தரை என்று நோட்டீஸில் போட்டிருக்கிறது. வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவர் அணையில் எப்படி நிற்க முடியும்? அப்படியானால் இது வேறு ஆள். இதை எழுதும்போது மனது கொஞ்சம் லேசாக இருந்தது.

காப்பி குடித்துவிட்டு வந்து எழுதுகிறேன். கேமராவின் கடிகாரத்தைத் துருக்கி நேரத்துக்கு மாற்றியிருந்தேன். வந்து இன்னும் திருப்பி வைக்கவில்லை. அங்கே நம்மைவிட இரண்டரை மணி பின்னால். அப்படியானால் 6.48. வெளியூர் போய் வந்ததும் முதலில் கடிகாரத்தைத் திருத்துங்கள் என்று குழுவில் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்.

ஜனவரி 30, வெள்ளி

மதியம் ஜெயந்தி பழனியிலிருந்து பேசினாள். பெரியம்மா மூன்று நாளாகப் படிக்கட்டை விட்டு நகரவில்லை. இறங்கி வருகிற காவித் துண்டு ஒவ்வொன்றையும் எட்டிப் பிடித்து முகத்தைப் பார்க்கிறாராம். ஒருவர் திட்டிவிட்டாராம். மைக்கில் ஒரு மணிக்கு ஒரு தரம் பெயரைச் சொல்கிறார்கள். பேசிக்கொண்டிருக்கும்போதே பின்னால் அந்த மைக் சத்தம் எனக்குக் கேட்டது. சாப்பிட்டாரா என்று கேட்டேன். பல் பிடுங்கின பக்கம் மெல்ல முடியவில்லை என்று டீயோடு இருக்கிறாராம். மாத்திரை வெறும் வயிற்றில் போடக் கூடாதென்று நான்தான் சொல்லி அனுப்பியிருந்தேன்.

சாயங்காலம் நோயாளிகள் இருவரைத் திருப்பி அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்தேன். கோகிலாவை அழைத்து, ஒன்றும் சொல்லாமல் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். கண்காட்சி விஷயம், விதி, ஹபீப் எல்லாம் சொன்னேன். ஆளை அழித்தது தெரிந்துவிடுமே என்றுதான் வாய் திறக்கவில்லை என்றேன்.

“இந்த ஒரு போட்டிக்கா பன்னெண்டு நாளு அந்தம்மாவ அலைய உட்டீங்க?” என்றாள்.

ஆமாம் என்றேன். அவள் நம்ப முடியாமல் என் முகத்தையே பார்த்தாள். முப்பத்தொரு வருடம் குடித்தனம் செய்தவள். இது மட்டும்தான் காரணமா என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது. கேட்கவில்லை. போனை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

ஜெயந்தியிடம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை எடுத்த படத்தில் ஓர் ஆள் தெரிகிறார், இப்போதுதான் கவனித்தேன் என்றேன். இப்போதுதான் என்ற சொல் எப்படி வந்தது என்று தெரியவில்லை, தானாக வந்துவிட்டது.

ஜனவரி 31, சனி

விடிந்ததும் அணைக்குப் போனேன். ஊர்க்காரர்கள், போலீஸ், தீயணைப்பு வண்டி. அன்றைக்கு எங்கே நின்றீர்கள் என்று கேட்டார்கள். ட்ரைபாட் ஊன்றின மூன்று குழியும் கரைமேல் அப்படியே இருந்தன. எந்தப் பக்கம் போனார் என்று கேட்டார்கள். கையை நீட்டி வலப்பக்கத்தைக் காட்டினேன்.

மதகுக்குக் கீழே பாசி பிடித்த படிகள் இறங்குகின்றன. அதற்கப்பால் ஆள் உயரத்துக்குச் சம்புப் புல். பதினொரு மணிக்குக் கண்டுபிடித்தார்கள். நான் கீழே இறங்கவில்லை. காவித் துண்டு முதலில் மேலே வந்தது.

பழனிக்கு யார் போன் செய்தார்கள் என்று தெரியாது. நான் இல்லை.

பிப்ரவரி 1, ஞாயிறு

தைப்பூசம். காணாமல் போன அன்றைக்கே, விழுந்த கொஞ்ச நேரத்திலேயே உயிர் போயிருக்கும் என்று மருத்துவமனையில் சொன்னார்களாம். கோகிலாவிடம் சொன்னேன். செவ்வாய்க்கிழமையே நான் சொல்லியிருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது என்றேன். இதைச் சொல்லும்போது என் குரலில் இருந்த நிம்மதி எனக்கே கேட்டது.

அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். திரும்பாமலே, “செவ்வாக்கெழம சொல்லியிருந்தா மொகமாச்சும் பாத்திருப்பாங்க” என்றாள்.

நேற்று துணியோடு சுற்றிக் கட்டித்தான் கொடுத்தார்களாம். அவிழ்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பழனியிலிருந்து வந்து இறங்கின அந்த அம்மாள் அவருடைய பாதத்தை மட்டும் தொட்டுப் பார்த்திருக்கிறார்.

பிப்ரவரி 2, திங்கள்

ஹபீபுக்கு எழுதினேன். படத்தில் ஓர் ஆளை அழித்திருக்கிறேன், பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள் என்றேன். ஒரு ஆள்தானே டாக்டர், குழுவில் நான் யாரிடமும் சொல்லவில்லை, கவலைப்படாதீர்கள் என்று பதில் வந்தது.

பிப்ரவரி 4, புதன்

ஜெயந்தி வேலைக்கு வந்தாள். கண்ணாடிக் கதவிலிருந்த நோட்டீஸை அவளே உரித்தாள். பசை போகவில்லை, ஸ்பிரிட் போட்டுத் துடைத்தாள். பெரியம்மா அந்தப் படத்தைக் கேட்கிறார் என்றாள். முகம் பார்க்கவில்லையே, அதில் கடைசியாக நிற்கிறாரே, அவர் மட்டும் தெரிகிற மாதிரி பெரிசு பண்ணித் தருவீர்களா சார் என்றாள். நீங்கள் மட்டும் அந்தப் படத்தை எடுக்கவில்லை என்றால் இன்னும் பழனியில்தான் உட்கார்ந்திருப்போம் என்றும் சொன்னாள். நான் தலையை ஆட்டினேன்.

வீட்டுக்கு வந்து அவரை மட்டும் வெட்டியெடுத்துப் பெரிதாக்கினேன். புள்ளிகளை எல்லாம் நீக்கிக் கொண்டுவந்தால் முகம் ஓரளவு பிடிபடுகிறது. மண்டபத்தைப் பார்க்கவில்லை, நேராகக் கேமராவைப் பார்க்கிறார். வலது கை தோளுக்கு மேல் தூக்கியிருக்கிறது.

அந்தக் கையை அழிக்க இரண்டு நொடி போதும். மௌஸை அதன்மேல் வைத்தேன். வெகுநேரம் வைத்திருந்தேன். கோகிலா வந்து பால் வாங்கப் போகிறீர்களா என்று கேட்டாள். எழுந்து பால் வாங்கிவிட்டு, அப்படியே பிரிண்ட் போடக் கொடுத்துவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 6, வெள்ளி

பொன்னாத்தாள் அம்மாள் க்ளினிக்குக் காலையிலேயே வந்துவிட்டார். நோயாளிகள் இன்னும் வரவில்லை. ஜெயந்தி பக்கத்தில் நின்றாள். கவரை நீட்டினேன். படத்தை வெளியே எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, சேலைத் தலைப்பால் முதலில் அதைத் துடைத்தார். பிறகுதான் பார்த்தார்.

சட்டையைத் தொட்டார். அன்றைக்குத்தான் துவைத்துப் போட்டது என்றார். விரல் மேலே நகர்ந்து கையில் வந்து நின்றது.

“கையத் தூக்கிக் காட்டறாருங்களே. யாருக்குங்க காட்டறாரு?”

“எனக்குத்தாம்மா” என்றேன்.

இத்தனை நாளாக இந்த நோட்டில்கூட எழுதாததைச் சொன்னேன். அவர் தானாகப் போகவில்லை. படத்துக்குக் குறுக்கே நிற்கிறார் என்று கரைமேலிருந்து சத்தம் போட்டேன். அவருக்குப் புரியவில்லை. கையை வீசி, போ போ என்று காட்டினேன். அவரும் எனக்குக் கை காட்டினார். வந்த வழியே, ஊர்ப் பக்கமாகத்தான் முதலில் திரும்பினார். ஊர் இடப்பக்கம். அப்படிப் போனால் படம் முழுக்கக் குறுக்கே நடந்து போக வேண்டும், அதற்குள் பனி கலைந்துவிடும். அதனால் இந்தப் பக்கம் இல்லை, அந்தப் பக்கம் என்று மதகைக் காட்டினேன். உடனே திரும்பி அங்கே நடந்தார். நான் அதற்கப்புறம் அவரைப் பார்க்கவில்லை, நாரையைத்தான் பார்த்தேன். இதையெல்லாம் பன்னிரண்டு நாள் தெரிந்துகொண்டேதான் வைத்திருந்தேன் என்பதையும் சொன்னேன்.

ஜெயந்தி என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. எட்டு வருடமாக என்னிடம் வேலை பார்க்கிற பெண்.

அந்த அம்மாள் அழுவார், ஏசுவார், படத்தை என் முகத்தில் எறிவார் என்று எதிர்பார்த்தேன். எறிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். குனிந்து படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சத்தம் போட்டேன்னு சொன்னீங்களே. என்னன்னு கூப்புட்டீங்க அவர?”

பொய் ஒன்று தயாராக நாக்கு நுனியில் இருந்தது. ஐயா என்று கூப்பிட்டேன் என்று சொல்லியிருக்கலாம்.

“யோவ்னு கூப்பிட்டேன்” என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். படத்தைக் கவருக்குள் போட்டு, அதன் வாயை மடித்தார்.

“அவரு பேரு ஆறுச்சாமிங்க” என்றார்.

பிறகு எழுந்தார். ஜெயந்தி அவர் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே போனாள். பத்து மணிக்கு முதல் நோயாளி வந்தார். நானே கதவைத் திறந்துவிட்டேன்.